டாய் பாம் என்று வாங்கிய குட்டி ஒன்பது கிலோ ஆகிவிட்டது: பணம் கேட்க முடியுமா?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். "சின்ன நாய் என்றால் பரவாயில்லை" என்று வீட்டு ஓனர் சொன்னதால், வெளியூரில் நாய்க்குட்டி விற்கும் ஒருவரிடம் 'டாய் பொமரேனியன்' என்று கேட்டு, 45 நாள் குட்டியை 22,000 ரூபாய்க்கு வாங்கினோம். "முழுசா வளர்ந்தாலும் 3 கிலோ தாண்டாது" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். தடுப்பூசி அட்டையில் முதல் நாள் 1.6 கிலோ, நாலாவது மாதம் 5 கிலோ என்று டாக்டர் குறித்திருக்கிறார். இப்போது ஏழு மாதம், ஒன்பது கிலோ. விற்றவரைக் கேட்டால், "நீங்க சாப்பாடு அதிகமா போட்டுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். ஓனரோ நாயை அனுப்புங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. கோபத்தில் குட்டியை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். பணத்தைக் கேட்பதற்கு அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் வழக்கு கிலோவில் இல்லை, இனத்தில் இருக்கிறது. ஒரு குட்டி எவ்வளவு வளரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் "4 கிலோ வரும் என்று நினைத்தேன், 5 கிலோ வந்துவிட்டது" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அது மதிப்பீட்டில் வந்த பிழை என்று நுகர்வோர் ஆணையம் விட்டுவிடலாம். ஆனால் "இது டாய் பொமரேனியன்" என்பது மதிப்பீடு அல்ல, பொருளைப் பற்றிய விவரம். சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. சட்டத்தின் கண்ணில் நாய்க்குட்டியும் அசையும் சொத்துதான். உயிருள்ள ஒன்றை 'சரக்கு' என்று எழுத எனக்கே மனம் வரவில்லை, ஆனால் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தச் சொல்தான்.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக 'பாம்' என்று அழைத்து வளர்த்ததில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். பார்க்க ஒரே சாயல், ஆனால் இனம் வேறு. அதில் சிறிய வகை ஐந்து முதல் ஏழு கிலோ, பெரிய வகை பன்னிரண்டு கிலோவையும் தாண்டும். அசல் பொமரேனியன் மூன்று கிலோவை ஒட்டித்தான் நிற்கும். தோள் உயரம் ஏறத்தாழ 18 முதல் 24 சென்டிமீட்டர். உங்களிடம் இருப்பது ஸ்பிட்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

"சாப்பாடு அதிகம் போட்டதால்" என்ற பதிலுக்கு இங்கேயே மறுப்பும் இருக்கிறது. சோறு கூடினால் கொழுப்பு கூடும், எலும்பு நீளாது. தோள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் நல்ல சாட்சி. நடுத்தர உடல்வாகுள்ள நாய்களுக்கு நாலாவது மாத எடையின் இரண்டு மடங்கு, வளர்ந்த எடைக்குக் கிட்டத்தட்ட வரும் என்பது பலரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. உங்கள் குட்டி அப்போது 5 கிலோ, ஆக பத்துக்குப் பக்கத்தில். 45 நாளிலேயே 1.6 கிலோ இருந்த குட்டி மூன்றோடு நின்றுவிடும் என்று நீங்கள் நம்பலாம், உங்களுக்குத் தெரியாது. இதையே தொழிலாகச் செய்பவர் நம்பினேன் என்றால் ஏற்க முடியாது. அவரிடம் தாயும் தகப்பனும் எவ்வளவு எடை என்று கேளுங்கள். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) தரும் இனப் பதிவுச் சான்றிதழும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். 45 நாள் என்பது ஏழு வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

சரி, எங்கே போவது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் தரத்தையும் வகையையும் பற்றிப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை. 'ரிட்டர்ன் கிடையாது' என்று சொல்லிவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடாது. விற்றவர் வெளியூர்க்காரர் என்பதும் தடையில்லை, நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு வருடக் கெடுவை வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயது, எடை, உயரம், இனத் தோற்றம் பற்றி எழுத்தில் ஒரு கருத்து வாங்குங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள், போனை மாற்றிவிடாதீர்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம். பல பேர் அங்கேயே பேச வந்துவிடுவார்கள். தயங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் அழைத்துப் பாருங்கள்.

எவ்வளவு கேட்பது? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு, பொருளை வைத்துக்கொண்டே இழப்பீடு கேட்க வழிவிடுகிறது. இத்தனை மாதம் உங்கள் மடியில் வளர்ந்த பிறகு முழுப் பணத்தையும் கேட்டால், "அப்படியானால் நாயைத் திருப்பிக் கொடு" என்பார் விற்றவர். அந்த மனிதரிடம் போனால் அதன் கதி என்னவாகும் என்று யோசியுங்கள். ஸ்பிட்ஸ் குட்டிக்கு என்ன விலை என்று இரண்டு இடத்தில் எழுதி வாங்கி, வித்தியாசத் தொகையோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: விற்றவர் தொழிலாகச் செய்யாமல், வீட்டு நாய் போட்ட ஒரு ஈற்றுக் குட்டியைத்தான் கொடுத்தார் என்றால், நுகர்வோர் ஆணையம் கைவிரிக்கலாம், உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஓனர் விஷயம் வேறு. பெரிய நாய் கூடாது என்று அளவை வைத்துத் தடை போடக் கூடாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டியிருக்கிறது. அது குடியிருப்போர் சங்கங்களுக்கு. உங்கள் ஓனருக்கும் உங்களுக்கும் இடையில் பேசுவது வாடகை ஒப்பந்தம். அதில் நாயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எதுவாக இருந்தாலும், 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் அவரால் உங்களை வெளியேற்ற முடியாது, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் முடியாது. எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் அதுவே அவர் நீதிமன்றம் போகக் காரணமாகிவிடும், உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அதனால் சண்டைக்குப் போகாமல், விற்றவர் எழுதிய "3 கிலோ" செய்தியை ஓனரிடம் காட்டுங்கள். நீங்கள் அவரை ஏமாற்றவில்லை, உங்கள் இருவரையும் வேறொருவர் ஏமாற்றியிருக்கிறார் என்பது அவருக்கும் தெரியட்டும்.