திருப்புத்திறன் கணக்குகளில் சுழற்புள்ளியை எங்கே வைப்பது?

படம் போட்டு எல்லா விசைகளையும் குறித்த பிறகும், எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் (ஒரு விசையின் சுழற்றும் திறன், அதாவது விசை × தூரம்) எழுதுவது என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் நானும் இதே இடத்தில்தான் முழித்தேன். கதவு, சீசா என்றால் பிரச்சினை இல்லை, கீல் கண்ணுக்குத் தெரியும். சுவரில் சாய்த்த ஏணி வந்தால் கை ஓடாது. அதில் கீலே கிடையாதே!

புள்ளி உங்கள் இஷ்டம். ஏணி அசையாமல் நிற்கிறது என்றால் அது எந்தப் புள்ளியைச் சுற்றியும் சுழலவில்லை. ஆகவே எங்கே எடுத்தாலும் வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டும் சமம்தான். அப்படியிருக்க, லாபமான புள்ளியை எடுக்க வேண்டியதுதானே? தெரியாத விசைகள் கூடுகிற இடம்தான் அது. புள்ளி வழியாகவே போகும் விசைக்குத் தூரம் பூஜ்யம் என்பதால் அது சமன்பாட்டில் தலைகாட்டாது.

200 நியூட்டன் எடையுள்ள, சீரான 5 மீட்டர் ஏணி. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, தலை 4 மீட்டர் உயரத்தில். சுவர் வழவழப்பு, உராய்வு இல்லை. ஏணியின் அடியில் தரையின் செங்குத்து விசை, உராய்வு இரண்டுமே தெரியாதவை. அடியையே சுழற்புள்ளியாக எடுத்தால் இரண்டும் ஒழிந்தன:

சுவரின் விசை × 4 = 200 × 1.5

விடை 75 நியூட்டன்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 4, 1.5 என்று போடாமல், ஏணி நெடுக அளந்து 5, 2.5 என்று போட்டுவிடுவார்கள். ஸ்கேலை அம்புக்குறி மேல் வைத்து, கோட்டை இரண்டு பக்கமும் நீட்டுங்கள். சுழற்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தூரம் மட்டுமே கணக்கில் வரும். எடையின் கோடு ஏணியின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது, அதனால் 1.5. சுவரின் விசை கிடைமட்டம், அதன் கோடு தரைக்கு 4 மீட்டர் மேலே.

அப்புறம் மிச்சமெல்லாம் சுலபம். உராய்வு சுவரின் விசைக்குச் சமம், 75; தரையின் விசை எடைக்குச் சமம், 200. எனவே உராய்வுக் குணகம் (உராய்வு ÷ தரையின் செங்குத்து விசை) குறைந்தது 0.375 வேண்டும். 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் உச்சிக்கே ஏறினால்? சமன்பாட்டின் வலப்பக்கத்தில் 600 × 3 சேரும்; உராய்வு 525, தரையின் விசை 800, குணகம் ஏறக்குறைய 0.66. ஆள் மேலே போகப் போகத்தான் ஏணி வழுக்கப் பார்க்கும். டைல்ஸ் தரையில் ஏணி போட்டால் அடியில் ஒருவரை மிதித்துக்கொண்டு நிற்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு தாங்கிகள் மேல் கிடக்கும் பலகை எப்போது கவிழும் என்ற கணக்குக்கு ஒரே குறிப்பு: கவிழும் தறுவாயில் தூக்கிக்கொள்ளும் பக்கத்துத் தாங்கியின் விசை பூஜ்யம். பலகையின் சொந்த எடையை மட்டும் மறந்துவிடாதீர்கள், நான் அதில் இழந்த மதிப்பெண்கள் கொஞ்சநஞ்சமல்ல.

விடையைச் சரிபார்க்க வேறொரு புள்ளியை எடுத்துப் பாருங்கள். ஆள் ஏறாத அதே ஏணிக்குத் தலையைச் சுற்றி எழுதினால் ஒரு பக்கம் 200 × 3, மறு பக்கம் 200 × 1.5 + 75 × 4. இரண்டும் 600.