கோயில்பிள்ளை பாடின ஃபிஃப்த் – கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். நான் கோயம்புத்தூர்ல வீட்டுலயே கீபோர்டு கிளாஸ் எடுக்கிறேன். ஒன்பதுல இருந்து பதிமூணு வயசு வரைக்கும் பதினோரு பிள்ளைங்க. தியரி எக்ஸாம்ல நல்லா மார்க் வாங்குறாங்க, ஆனா ஒரு சின்ன மெட்டைக் குடுத்து இதுக்கு இன்னொரு குரல் சேருன்னு சொன்னா முழிக்கிறாங்க. கார்டுல (பல சுரத்தைச் சேர்த்து அமுக்குறது) ஆரம்பிக்காம, ஐரோப்பாவோட மத்தியகால இசையில இருந்து ஹார்மனி சொல்லிக்குடுத்தா என்னன்னு ஒரு யோசனை. சரியா வருமா? நோட்டேஷன் முதல்லயா, பாட்டு முதல்லயா? பேரண்ட்ஸ் "இது எக்ஸாமுக்கு வருமா"ன்னு கேப்பாங்க, என்ன சொல்றது? அப்புறம் அந்தக் காலத்துல சர்ச் ட்ரைடோனை சாத்தானோட சுரம்னு தடை பண்ணுச்சாமே, அதைக் கதையா சொல்லி ஆரம்பிக்கலாமா? (பேர் போட வேண்டாம்.)

டீச்சர்,

உங்க கடிதம் வந்த வாரம் முழுக்க நான் மத்தியகாலத்து பாரிஸ் இசைக்காரர் பெரோட்டினத்தான் கேட்டுட்டு இருந்தேன், அதனாலதான் எடுத்து வச்சேன், இல்லன்னா மத்த கடிதங்களோட அடியில போயிருக்கும்.

முதல்ல அந்தச் சாத்தான் கதை. தயவுசெஞ்சு பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லாதீங்க. யூடியூப் சரக்கு அது. சர்ச் அப்படி ஒரு தடை போட்டதுக்கு ஒரு காகிதமும் கிடையாது. "இசையில சாத்தான்"ங்கிற லத்தீன் சொல்லே 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்து ஜெர்மன்காரங்க எழுத்துலதான் நமக்குக் கிடைக்குது. மத்தியகாலத்து ஆளுங்க ட்ரைடோனை ஒதுக்கினது உண்மை, ஏன் ஒதுக்கினாங்கன்னு பிள்ளைங்க கையாலயே கண்டுபிடிக்கலாம். கீபோர்டுல வெள்ளைக் கட்டையில மட்டும், ஒவ்வொரு கட்டையையும் அதுல இருந்து எண்ணி நாலாவது கட்டையோட சேர்த்துத் தட்டச் சொல்லுங்க, அந்த ஜோடிக்குப் பேர் ஃபோர்த். சி-எஃப், டி-ஜி, ஈ-ஏ, எல்லாம் சமத்தா வரும். அடுத்து எஃப்-பி, அரைக்கட்டை அதிகம், அதுதான் ட்ரைடோன். அந்த இடத்துல ஒரு பிள்ளையாவது முகத்தைச் சுளிக்கும். அவ்வளவுதான் விஷயம், இதுக்குப் பேயெல்லாம் எதுக்கு?

9-ஆம் நூற்றாண்டுல எழுதின மூசிகா என்கிரியாடிஸ்னு ஒரு பாடப்புத்தகம் இருக்கு, யார் எழுதினதுன்னு தெரியாது. ஒரு மெட்டுக்குக் கீழ இன்னொரு குரலை ஃபோர்த்லயோ ஃபிஃப்த்லயோ (எண்ணி அஞ்சாவது சுரம், சி-ஜி மாதிரி) கூடவே நடத்துறது எப்படின்னு சொல்லுது, அதுக்குப் பேர்தான் ஆர்கனும். நடந்துட்டே வரும்போது அந்த உறுத்துற இடம் வரும்ல, அங்க என்ன பண்றதுன்னும் சொல்லுது. கீழ்க்குரல் நகராம நிக்கணும். ரெண்டு பேரும் ஒரே சுரத்துல ஆரம்பிக்கிறாங்க, மேல இருக்கிறவன் படிப்படியா ஏறுறான், கீழ இருக்கிறவன் அசையாம நிக்கிறான், நடுவுல ஃபோர்த் அளவுக்கு இடைவெளி விழுந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து நடக்குறாங்க, கடைசியில திரும்ப ஒரே சுரத்துல வந்து சேர்றாங்க. உங்க பதினோரு பேருக்கும் முதல் ஹார்மனி பாடம் இதுதான். கார்டுங்கிற வார்த்தையே வேண்டாம், அவங்ககிட்டயும் அப்படி ஒரு கருத்து இல்ல, குரல்தான் இருந்துச்சு.

இப்ப என் கதை. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எங்க ஊர் கோயில்ல (சர்ச்சை நாங்க அப்படித்தான் சொல்வோம்) எனக்குப் பதினஞ்சு வயசுல பாடகர் குழுவுல சேர்த்தாங்க. கால் ஆர்மோனியம் ஒண்ணு, எலி கடிச்ச பெல்லோஸ், மிதிச்சா பாட்டுக்கு முன்னாடி அதோட மூச்சுதான் கேக்கும். அங்க மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், வாசல் பக்கத்துத் தூண்ல சாஞ்சுட்டு பாமாலை பாடுவார். மெட்டு அவருக்கு எட்டாது, ஒரு ஆக்டேவ் (அதே சுரம், எட்டுக் கட்டை தள்ளி) கீழ போனா ரொம்ப ஆழம், அதனால அவரு பாட்டுக்கு நடுவுல ஒரு இடத்தைப் பிடிச்சு அங்கயே முழுப் பாட்டையும் பாடிருவார். தப்பாப் பாடுறார்னு நாங்க சிரிப்போம். அது மெட்டுக்குச் சரியா ஒரு ஃபிஃப்த் கீழன்னு எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு. ஆர்கனும் எப்படிப் பிறந்திருக்கும்னு யாராவது கேட்டா நான் அந்தத் தூணைத்தான் காட்டுவேன், ஆதாரம் கேட்டா இல்ல, ஆனா மடத்துலயும் இப்படி ஒரு கிழவர் இருந்திருக்க மாட்டாரா என்ன.

அந்த வயசுல நான் ஒரு பாட்டுக்கு ரெண்டாங்குரல் எழுதினேன். பென்சில்ல, கணக்கு நோட்டோட பின்பக்கம். இப்ப யோசிச்சா அது அவர் பாடினதத்தான் எழுதி வச்சிருக்கேன். கொயர் மாஸ்டர்கிட்ட குடுத்தேன். அவர் வாசிச்சே பாக்கல, டீச்சர். சிவப்புப் பேனாவை எடுத்து வரிசையா கோடு போட்டார், ஓரத்துல "பேரலல் ஃபிஃப்த்ஸ்"னு எழுதினார், ரெண்டு குரலும் ஃபிஃப்த் விலகாம சேர்ந்தே நடக்குதுன்னு அர்த்தம். ஏன் கூடாதுன்னு கேட்டேன். ரூல்ன்னார். அதுக்கப்புறம் பத்து வருஷம் நான் ஒரு வரி ஹார்மனி எழுதல.

நீங்களும் அந்தச் சிவப்புப் பேனாவைத்தான் பிடிச்சிட்டு இருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, ஆனா பிடிச்சிருக்கீங்க. பேரலல் ஃபிஃப்த் எழுதக்கூடாதுன்னு தியரி புக்குல இருக்கு, பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறாங்க, அதுல எத்தனை பேரு அதைக் காதால கேட்டிருக்காங்க? ஃபிஃப்த்னா ஒரு அலை மூணு தடவை ஆடுற நேரத்துல இன்னொண்ணு ரெண்டு தடவை ஆடுது, 3:2, ஆக்டேவை விட்டா இதை மாதிரி ஒட்டுற ஜோடி கிடையாது. ரெண்டு பேரு ஃபிஃப்த்ல சேர்ந்தே நடந்தா கொஞ்ச நேரத்துல ரெண்டாவது ஆளே காணாமப் போயிருவான், ஒரே ஒரு பெரிய குரல்தான் கேக்கும். 9-ஆம் நூற்றாண்டுக்காரங்களுக்கு அதுதான் அழகா இருந்துச்சு. 14-ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதுறவங்களுக்கு ரெண்டு ஆளும் ரெண்டு ஆளாத் தெரியணும்னு ஆசை வந்துச்சு, அதனால இப்படி ஒட்டிப் போறதைத் தவிர்க்கணும்னு எழுத ஆரம்பிச்சாங்க. ஒட்டுறதைக் காதால அனுபவிச்ச பிள்ளைக்கு மட்டும்தான் அந்த ரூல் புரியும். மத்ததுக்கு அது டிராஃபிக் போலீஸ்.

தேர்ட் பத்தியும் இதையேதான் சொல்லணும். உங்க மேஜர் கார்டுல இனிமையா இருக்கிற அந்த தேர்டை (எண்ணி மூணாவது சுரம், சி-ஈ), ஃபிஃப்த்தா அடுக்கிக் கணக்குப் போட்டா 81:64 வரும். காது கேக்குறதோ 5:4, அதாவது 80:64. அந்த ஒரு துளி வித்தியாசத்தாலதான் ரொம்ப காலம் தேர்ட்ல போய்ப் பாட்டை முடிக்கவே மாட்டாங்க, வழியில வரும், போகும். உங்க கீபோர்டும் யோக்கியம் இல்ல. அதுல ஃபிஃப்த் வெறும் 2 செண்ட் தப்பு, தேர்ட் 14 செண்ட் தப்பு (ஒரு அரைக்கட்டைக்கு 100 செண்ட்). அதனால தேர்டைப் பாட வச்சுக் காட்டுங்க, தட்டிக் காட்டாதீங்க.

நோட்டேஷன் முதல்லயான்னு கேட்டீங்க. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அரெட்ஸோல க்வீடோன்னு ஒரு துறவி இதே பிரச்சினையோட உக்காந்திருந்தார். யோவான் ஸ்நானகனைப் பத்தின ஒரு லத்தீன் பாட்டுல முதல் ஆறு அடியும் ஒண்ணைவிட ஒண்ணு ஒரு சுரம் மேல ஆரம்பிக்குது, அந்த முதல் எழுத்துங்களைப் பிடிச்சு உத், ரெ, மி, ஃபா, சோல், லான்னு பையன்களுக்குக் குடுத்தார். கோடு போட்டு சுரம் எழுதுறதை ஒழுங்கு பண்ணினவரும் அவர்தான். பத்து வருஷ வேலையை ஒண்ணு ரெண்டு வருஷத்துல முடிக்கலாம்னு ஒரு கடிதத்துல பெருமையடிச்சிருக்கார். அதுக்கு முன்னாடி இருந்த மடத்துல கூட இருந்தவங்க பொறாமையில அவரைப் பாடா படுத்தியிருக்காங்க, வாத்தியார் உலகம் அப்பவே அப்படித்தான். ஆக பாட்டும் கோடும் சேர்ந்தே வரும், சண்டை வேண்டாம்.

மூணாவது மாசம் வாக்குல இதைப் பண்ணிப் பாருங்க. கீழ டி, நடுவுல எஃப் ஷார்ப், மேல பி, மூணு பிள்ளைங்க பிடிச்சு நிக்கட்டும். அப்புறம் கீழ இருக்கிறவன் சி-க்கு இறங்கணும், நடுவுல இருக்கிறவன் ஜி-க்கு, மேல இருக்கிறவன் மேல் சி-க்கு, ரெண்டு பேரும் அரைக்கட்டை ஏறணும். 14-ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சு இசைக்காரர் மாஷோ மாதிரி ஆளுங்க வரியை முடிக்கிற விதம் இது. கீழ-மேல குரலுக்கு நடுவுல இருக்கிற சிக்ஸ்த் (ஆறு சுர இடைவெளி) விரிஞ்சு ஆக்டேவ் ஆகுது, கதவு திறக்கிற மாதிரி. மேல் ரெண்டு குரலும் ஃபோர்த்ல ஒட்டியே போகுது பாத்தீங்களா, எங்க கொயர் மாஸ்டர் பாத்திருந்தா அதுக்கும் ஒரு கோடு இழுத்திருப்பார். ஒரு சுரத்துக்கு வீட்டுக்குப் போற ஆசை எங்க இருந்து வருதுன்னு இதைப் பாடின பிள்ளைக்கு நீங்க விளக்கவே வேண்டாம்.

போரடிக்கும்னு பயந்தீங்கன்னா ரெடிங் மடத்துக் கையெழுத்துப் பிரதியில 13-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் குயில்பாட்டு ஒண்ணு இருக்கு, "சம்மர் இஸ் இகூமன் இன்". கீழ ரெண்டு பேரு ஒரு சின்ன வரியையே திரும்பத் திரும்பப் பாடணும், மேல நாலு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா அதே மெட்டுல உள்ள வருவாங்க. ஆறு பேருக்கு வேலை, மீதி அஞ்சு பேரு கேக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்.

பெரோட்டின்ல ஆரம்பிச்சேன், எங்கயோ போயிட்டேன். 1198-ல பாரிஸ் பிஷப் போட்ட உத்தரவுல நாலு குரல்ல பாடலாம்னு வருது, அந்தக் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் பெரோட்டின் "விதெருந்த் ஓம்னெஸ்"ங்கிற பாட்டைப் பண்ணியிருக்கணும்னு சொல்வாங்க. கீழ ஒரு குரல் "வி"ங்கிற ஒரே எழுத்தைப் பிடிச்சு நிக்குது, மேல மூணு குரல் அது தலைமேல ஆடிட்டு இருக்கு. முதல் தடவை கேட்டப்ப எனக்குக் கோயில்பிள்ளை ஞாபகம் வந்து ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டேன். அவரு செத்து ரொம்ப நாளாச்சு. அவருக்கு இதைப் போட்டுக் காட்டியிருந்தா "இதுல என்னடே இருக்கு, நான் பாடினதுதானே"ன்னுருப்பார்.

பேரண்ட்ஸ் கேட்டா வரும்னு சொல்லிருங்க. எக்ஸாமை எழுதட்டும், அதுபாட்டுக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். சனிக்கிழமை கிளாஸ்ல கீபோர்டு ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு பிள்ளைங்களை எதிரெதிரா நிக்க வைங்க. அந்த ஒன்பது வயசுக்காரி நகராம நிக்கிற குரலைப் பிடிக்கட்டும். ஃபோர்த் வரும்போது அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.