முடக்குவதும் திறப்பதும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இணையத் தடைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஹேக்கர் குழுக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 2012-ல் நான் சென்னையில் பொறியியல் மாணவன். ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே அடியோடு மூடின. கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக நானே ஏற்றிவைத்திருந்த வீடியோவை என்னால் பார்க்க முடியவில்லை. அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவினர் உச்ச நீதிமன்றத்தின் தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் முடக்கியபோது விடுதியில் நாங்கள் கைதட்டினோம். மனு எழுதிக்கொண்டிருந்தவர்களை யாரும் பொருட்படுத்தாதபோது, அரசுக்கு உறைக்கும்படி ஏதாவது செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பது என் எண்ணம். இப்போது என் தம்பி அதுபோன்ற ஒரு டெலிகிராம் குழுவில் இருக்கிறான். தணிக்கை செய்யும் ஒரு வெளிநாட்டு அரசின் தளத்தைத் தாக்க அவனுடைய கணினியையும் கேட்கிறார்கள். அவனுக்கு நான் என்ன சொல்வது?

ஒரு வாசகர், திருச்சி
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. அந்தக் கட்டுரையில் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டது என் குறைதான். தம்பிக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஹேக்கர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. அவர்களில் சிலர் செய்த வேலையை அந்த நேரத்தில் வேறு யாரும் செய்யவில்லை என்பதை நான் நன்றியோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். அந்த வேலை எது, உங்கள் தம்பியிடம் கேட்கப்படும் வேலை எது என்பதைப் பிரித்துப் பார்க்க வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

துனிசியாவில் தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறந்தால், தடுத்திருக்கிறோம் என்று அரசு ஒப்புக்கொள்ளாது. ‘404, பக்கம் கிடைக்கவில்லை’ என்று பொய் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தணிக்கையாளனுக்கு மக்கள் ‘அம்மார் 404’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் முகமது பூஅஜிஜி என்ற தெருவோர வியாபாரி தீக்குளித்த பிறகு போராட்டம் பரவியது. அதன் காட்சிகள் பேஸ்புக் வழியாகப் பரவின. அப்போது பேஸ்புக், ஜிமெயில், யாகூ ஆகியவற்றின் லாகின் பக்கங்கள் நாட்டுக்குள் வந்து சேரும் வழியிலேயே அவற்றில் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சில வரிகள் செருகப்பட்டன. பார்வைக்கு அதே நீலப் பக்கம், அதே இரண்டு கட்டங்கள்தான். ஆனால் ஒருவர் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டி உள்ளே நுழையும் நொடியில், அந்த வரிகள் இரண்டையும் உருமாற்றி, பேஸ்புக்கிலேயே இல்லாத ஒரு முகவரிக்கு ஒரு கோரிக்கையாக அனுப்பிவிடும். அந்த முகவரியில் பக்கம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாப் போக்குவரத்தும் அரசின் கையிலிருந்த குழாய் வழியாகத்தான் போகிறது என்பதால், வழியில் நின்று படித்துக்கொண்டால் போதும். போராட்டக் காட்சிகளைப் பகிர்ந்தவர்களின் கணக்குகளும் பக்கங்களும் அடுத்தடுத்து காணாமல் போயின.

2011 ஜனவரி 2 அன்று அனானிமஸ் துனிசியாவை நோக்கித் திரும்பியது. அவர்கள் செய்தவை இரண்டு. முதலாவது உங்களைக் கைதட்ட வைத்த வகை: பங்குச் சந்தை, அதிபர், பிரதமர், அமைச்சகங்கள் ஆகியோரின் தளங்களுக்குத் தாங்க முடியாத அளவு கோரிக்கைகளை அனுப்பி விழவைத்தார்கள். இரண்டாவது, பயர்பாக்ஸ் உலாவியில் நிறுவிக்கொள்ளும்படி ஒரு சிறிய நிரலை (ஸ்கிரிப்ட்) மக்களிடம் சேர்த்தது. லாகின் பக்கத்தில் திருட்டு வரிகள் இருந்தால் அது கண்டுபிடித்து நீக்கிவிடும். பேஸ்புக் நிறுவனம் துனிசியாவிலிருந்து வரும் லாகின்களை, வழியில் நிற்பவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த இணைப்புக்கு மாற்றியது பிறகுதான். அதுவரை அந்தச் சின்னஞ்சிறு ஸ்கிரிப்டைப் போட்டுக்கொண்டவரின் பாஸ்வேர்டு தப்பியது. பங்குச் சந்தையின் தளம் விழுந்ததால் ஒருவருடைய பாஸ்வேர்டும் தப்பவில்லை. உலகப் பத்திரிகைகளின் கவனம் கொஞ்சம் திரும்பியது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி 6 அன்று காவல்துறை பிடித்துக்கொண்டு போனது உள்ளூர் வலைப்பதிவர்களை. அவர்களில் ஒருவரான ஸ்லிம் அமாமு ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே வந்தார். தூரத்து ஊரில் பாதுகாப்பாக உட்கார்ந்து தாக்கியவர்களின் கதவை அங்கே யாரும் தட்ட முடியாது. கைக்கு எட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

டெலிகாமிக்ஸ் என்ற குழுவைப் பற்றி உங்கள் தம்பி கேள்விப்பட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு இணையத்தையே துண்டித்தபோது, தரைவழித் தொலைபேசி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, பழைய டயல்-அப் மோடத்தில் அழைக்கக்கூடிய வெளிநாட்டு எண்களைத் திரட்டி ஃபாக்ஸ் மூலம் எகிப்துக்குள் அனுப்பியவர்கள் அவர்கள். அதே ஆண்டு அக்டோபரில், சிரியாவின் தணிக்கைக் கருவிகளிலிருந்து எடுத்த 54 ஜிபி பதிவுகளை, பயனர்களின் ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்களை) மறைத்துவிட்டு வெளியிட்டார்கள். ப்ளூ கோட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவிகள் அமெரிக்காவின் ஏற்றுமதித் தடையை மீறி அங்கே இயங்குவது அப்படித்தான் உறுதியானது; அவற்றைக் கைமாற்றிய துபாய் விநியோக நிறுவனத்துக்கு 2013-ல் அமெரிக்க வணிகத் துறை 28 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இந்த வேலையையும் சட்டப்படி முழுக்கச் சுத்தமானது என்று சொல்ல முடியாதுதான். இருந்தாலும் தணிக்கை செய்பவன் எதைத் தடுக்கிறான், யார் செய்த கருவியால் தடுக்கிறான் என்பதை உலகத்துக்குக் காட்டிய அந்தத் துணிச்சலை நான் தயங்காமல் பாராட்டுவேன்.

நீங்கள் கைதட்டிய 2012-க்கு வருகிறேன். உச்ச நீதிமன்றத்தின் தளம் என்பது வெறும் அரசு விளம்பரப் பலகையல்ல. தன் வழக்கு என்றைக்கு வருகிறது என்று டில்லிக்குப் போக வழியில்லாத ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதை முடக்கியபோது அந்த மனிதருக்கும் அவருக்குரிய தகவலுக்கும் நடுவே ஒரு தடை விழுந்தது. விமியோ உங்களுக்கு மூடப்பட்டதற்கும் இதற்கும் அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு ஒன்றுமில்லை. அந்த ஜூனிலேயே உயர் நீதிமன்றம், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைப்பை மட்டுமே தடுக்கலாம், முழுத் தளத்தையும் தடுக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. அதைக் கேட்டு நீதிமன்றம் போனவர்கள் இணையச் சேவை நிறுவனங்கள். யாரும் பொருட்படுத்துவதில்லை என்று நீங்கள் சொல்லும் அந்த மனுதான் கதவைத் திறந்தது. அதே ஜூன் 9-ஆம் தேதி சென்னை உட்படப் பல நகரங்களில் இணையத் தடைகளை எதிர்த்து முகமூடி அணிந்து தெருவில் நின்ற இளைஞர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் யாருடைய வாயையும் மூடாமல் தங்கள் பேச்சைப் பேசினார்கள்.

நான் சொல்வதை ஹேக்கர்களே எனக்கு முன்பு சொல்லிவிட்டார்கள். சீனாவின் கணினி வலைகளை அழிக்கப்போவதாக ஒரு குழு அறிவித்தபோது, கல்ட் ஆஃப் தி டெட் கௌ, கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் உள்ளிட்ட பெயர்பெற்ற ஹேக்கர் அமைப்புகள் 1999 ஜனவரி 7 அன்று கூட்டறிக்கை வெளியிட்டு அதைக் கண்டித்தன: ஒரு நாட்டின் தகவல் வலையை முடக்கிவிட்டு அந்த நாட்டு மக்களுக்குத் தகவல் சுதந்திரம் வாங்கித்தர முடியாது என்பதே அவர்கள் வாதம்.

தம்பியின் பாதுகாப்பைப் பற்றியும் பேச வேண்டும். அனானிமஸ் அன்று பயன்படுத்திய தாக்குதல் கருவி, தாக்குபவரின் ஐபி முகவரியை மறைக்கவே இல்லை. பேபால் என்ற இணையவழிப் பணப்பட்டுவாடா நிறுவனத்தைத் தாக்கியதற்காக 2011 ஜூலையில் அமெரிக்காவில் 14 பேர் கைதானது அதனால்தான். துனிசியத் தாக்குதலில் முன்னின்ற ‘சாபு’ என்பவர் 2011 ஜூனில் எஃப்பிஐயிடம் பிடிபட்டு, மறுஆண்டு மார்ச் வரை அதே குழுவுக்குள் தோழனாக இருந்தபடியே தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். டெலிகிராமில் கணினியைக் கேட்பவர் யார் என்று உங்கள் தம்பிக்குத் தெரியுமா? நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி, ஒரு கணினிச் சேவையை மற்றவர்களுக்குக் கிடைக்காமல் செய்வதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அவனுடைய கோபத்தை அணைத்துவிடாதீர்கள். தடைகளைத் தாண்டி, அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் திட்டத்தின் ‘ஸ்னோஃப்ளேக்’ என்ற நீட்டிப்பை அவனுடைய உலாவியில் நிறுவச் சொல்லுங்கள். நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகாது. தடை உள்ள நாட்டிலிருக்கும் ஒருவர் அவனுடைய இணைப்பு வழியாக டோர் வலைக்குள் போய்ச் சேருவார். போவது மறையாக்கம் செய்த போக்குவரத்து. அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி தெரியாது. 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்து இணையம் இறுக்கப்பட்டபோது ஏராளமானோர் வெளியுலகத்தோடு பேசியது இப்படித்தான். உலாவியில் அந்த நீட்டிப்பின் சின்னத்தைத் தொட்டால், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு அவனுடைய கணினி வழிவிட்டது என்ற எண்ணிக்கை தெரியும். முதல் நாள் எத்தனை என்று பார்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்