உடற்பயிற்சிக்கு முன் கிரீன் டீ, பழச்சாறு குடித்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையுமா?

கிரீன் டீ என்றால் கொஞ்சம் கரையும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றே எனக்கு ஆசை விட்டுப்போனது.

ஏழெட்டு மாதம் நானும் இதைச் செய்தவன்தான். காலையில் சர்க்கரை போடாத கிரீன் டீ, அப்புறம் அரை மணி நேரம் சைக்கிள். நாக்கில் கசப்பு நின்றதுதான் மிச்சம், தொப்பை அசையவில்லை. '17 சதவீதம் கூடுதலாகக் கொழுப்பு எரியும்' என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

2008-இல் வெளியான பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு அது. ஆரோக்கியமான 12 ஆண்கள், மிதமான வேகத்தில் 30 நிமிடம் சைக்கிள் மிதித்தார்கள். கிரீன் டீ சத்து எடுத்தபோது நிமிடத்துக்கு 0.41 கிராம் கொழுப்பு எரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தபோது 0.35. ஆக 17 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் 30 நிமிடத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 1.8 கிராம். அரை டீஸ்பூன் எண்ணெய்கூட இல்லை! அதுவும் அவர்கள் தேநீர் குடிக்கவில்லை, மாத்திரையாக விழுங்கினார்கள். அதிலிருந்த 'இஜிசிஜி' (கிரீன் டீயின் முக்கியமான சத்து) 366 மில்லிகிராம். கோப்பைக் கணக்கில் அதைப் பிடிக்க நாலைந்து கோப்பையாவது வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: கொழுப்புச் செல்களுக்கு உத்தரவிடும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியை இஜிசிஜி மந்தமாக்குகிறது. அதனால் 'கொழுப்பை வெளியே விடு' என்ற உத்தரவு கொழுப்புச் செல்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கஃபீனும் கூட நின்று உதவுகிறது.

பழச்சாறு கதை வேறு. மாதுளை, திராட்சை எல்லாவற்றிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) உண்டு, சர்க்கரையும் உண்டு. பயிற்சிக்குச் சற்று முன் குடித்தால் இன்சுலின் ஏறும், கொழுப்பு வெளியே வருவது குறையும். கொழுப்பைக் கரைக்கக் குடித்தது கொழுப்புக்கே காவல் நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை.

இன்னொன்று, பயிற்சி நேரத்தில் எரியும் கொழுப்பு வேறு, உடம்பில் குறையும் கொழுப்பு வேறு. காலையில் கொழுப்பு கூடுதலாக எரிந்தால், மீதி நாளில் உடம்பு மாவுச்சத்தைக் கூடுதலாக எரித்துச் சரிக்கட்டிவிடும். நாள் முழுக்கச் சாப்பிட்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள கணக்குதான் இடுப்பில் தெரியும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்பதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 2009-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், 4 வாரம் பயிற்சியோடு தினமும் வைட்டமின் ஈ-யும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு, இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்வது என்ற, பயிற்சியால் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது. பயிற்சியின்போது செல்களில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தமே உடம்புக்கு ஒரு சமிக்ஞை. அதை மொத்தமாக அணைத்தால் தசை எதைக் கேட்டுப் பழகும்? அது மாத்திரை அளவு, ஒரு கோப்பைத் தேநீருக்குப் பயப்பட வேண்டாம். கிரீன் டீ மாத்திரையில் மட்டும் கவனம் தேவை. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி போனால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

நான் இப்போதும் கிரீன் டீ குடிக்கிறேன், தூக்கம் கலைய. அந்த 1.8 கிராமுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. நிமிடத்துக்கு 0.35 கிராம் என்றால், சைக்கிளை இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்து மிதித்தால் போதும்.