காந்தக் குழாய்க்கு 'கரண்ட் பெட்டி' தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலை ஃபேக்டரி நடத்துகிறேன். தூளில் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தக் குழாய்கள் முன்பு போல இழுப்பதில்லை. மின்புலம் கொடுத்தால் உலோகப் பரப்பில் காந்தம் கூடும், ஆராய்ச்சியே இருக்கிறது என்று ஏஜென்ட் ஒருவர் 85 ஆயிரத்துக்கு ஒரு பெட்டி தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆராய்ச்சி உண்மை, பெட்டி பொய்.

உலோகத்தின் மேல் மின்புலம் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் சேர்ந்து அதை மறித்துவிடும். ஓரிரு அணு அடுக்குக்குக் கீழே அது இறங்காது. அவர் சொல்லும் வகை ஆராய்ச்சியில் 2007இல் பேசப்பட்டது இரும்பு-பிளாட்டினம் படலம் ஒன்று. தடிமன் 2 நானோமீட்டர். மின்பகு திரவத்தில் (மின்சாரம் கடத்தும் கரைசலில்) முக்கி 0.6 வோல்ட் மாற்றியபோது, காந்தத்தைத் திருப்பிப்போடத் தேவையான காந்தப்புலம் 4.5 சதவீதம் மாறியது. அதுவும் குறைந்தது! இழுவிசை கூடியதாகப் பேச்சே இல்லை. உங்கள் குழாய் 25 மில்லிமீட்டர் என்றால், அந்தப் படலத்தைப் போல ஒன்றேகால் கோடி மடங்கு தடிமன்.

'மின்காந்தம் மட்டும் எப்படி வேலை செய்கிறது?' என்று அவர் மடக்குவார். அது கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் வேலை. மின்னோட்டம் வேறு, மின்புலம் வேறு. சுருள் இருந்தால், அதில் கரண்ட் ஓடினால், ஓடும்வரை காந்தம். குழாயைச் சுற்றிச் சுருள் இல்லாமல் ரெண்டு ஒயரை மட்டும் ஒட்டினால் அது மின்காந்தம் ஆகிவிடாது.

காந்த வலிமையை அளக்கும் காஸ் மீட்டரை வைத்து ஏஜென்ட் காட்டக்கூடிய வித்தையையும் கவனியுங்கள். குழாய்க்குள் காந்த வட்டுகளும் இரும்புத் தகடுகளும் மாறி மாறி இருக்கும். தகட்டுக்கு நேர் மேலே அளவு உச்சம். 'முன்' அளவை வட்டின் மேலும் 'பின்' அளவைத் தகட்டின் மேலும் எடுத்தால் போதும், பெட்டி ஜெயித்துவிடும்.

முதலில் குழாயைத் துடையுங்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் தேய்ந்த பொடி அப்பிக்கிடந்தால் புதிய துகள் எப்படி ஒட்டும்? தூளில் இரும்புத்துகள் ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆனால் சோதனைக்கு வருபவர்கள் காந்தம் வாங்கிய பில்லைத்தான் கேட்கிறார்கள். கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் சூடு. சாதாரண நியோடிமியம் வகைக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாகவே வலுவிழக்கும். ட்ரையர் வாயை ஒட்டி மாட்டியிருந்தால் அதுதான் காரணம்; தூள் ஆறிய இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு இரும்புத் தகட்டைக் குழாயில் ஒட்டவிட்டு ஸ்பிரிங் தராசால் இழுங்கள், பிரியும்போது எத்தனை கிலோ என்று எழுதி வையுங்கள். மாதாமாதம் அதே தகடு, அதே இடம். எண் இறங்கிக்கொண்டே போனால் புதுக் குழாய் வாங்குங்கள்.