பத்திரத்தில் பெயர் இல்லை, பணம் மட்டும் போட்டேன்: வீட்டில் பங்கு உண்டா?

இங்கிலாந்தில் அண்ணன் பெயரில் வாங்கிய வீட்டுக்குப் பாதிப் பணம் தந்ததாகச் சொல்கிறீர்கள். சரி, வாங்கும்போதே தந்திருந்தால், உங்கள் பங்கை அவர் உங்களுக்காக வைத்திருக்கிறார் என்றுதான் நீதிமன்றம் பொதுவாக அனுமானிக்கும். இதுதான் ரிசல்டிங் டிரஸ்ட். அன்பளிப்பாகவோ கடனாகவோ தந்தது என்று அவர் நிரூபித்தால் அது உடைந்துவிடும்.

பின்னால் கூரை மாற்றிய செலவு இதில் சேராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

திருமணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த ஜோடியின் வீடென்றால் கணக்கே வேறு. 2007-இல் ஸ்டாக் எதிர் டவுடன் வழக்கில், இருவர் பெயரிலும் இருந்த வீடு 65-35 எனப் பிரிந்தது. பணத்தோடு இருவரின் நோக்கமும் பார்க்கப்பட்டது.

முதலில் முன்பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அப்போதைய வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்து வையுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.