சேலத்திலிருந்து முதல் தடவையாக பைக்கில் ஏற்காடு போகிறோம். வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும், எப்படி ஓட்ட வேண்டும்?

ஏறுவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாதீர்கள். வண்டி திணறினால் ஒரு கியர் குறையுங்கள், ஏறிவிடும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். சேலம் கோரிமேட்டில் வீடு, ஏற்காட்டில் வேலை என்று நாலு வருஷம் தினமும் அந்த ரோட்டில் போய் வந்தவன் நான். பிரேக் பிடிக்கவில்லை என்று ஓரங்கட்டி நின்றவர்களை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்த்திருக்கிறேன். எல்லாருமே இறங்கி வந்தவர்கள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் வழியாகப் போனால் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 150 கிலோ வண்டி, இரண்டு ஆள், ஒரு பை என்று மொத்தம் 280 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த 1,200 மீட்டர் இறக்கத்தில் அந்த எடை வெளிவிடுகிற சக்தி, பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், எஞ்சினுக்கு வேலை கொடுக்காவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். முன் சக்கரத்து டிஸ்க்கும், பின் சக்கரத்து டிரம்மும் எவ்வளவு தாங்கும்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியைப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கினேன். நாலாவது கியரில் இருந்தேன், முன் பிரேக்கில் இரண்டு விரலை விடாமல் வைத்து இழுத்துக்கொண்டே வந்தேன். மெதுவாகத்தானே போகிறோம் என்ற தைரியம். பாதி மலை தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் லீவரைப் பிடித்தேன், பஞ்சு மாதிரி அமுங்கி கைப்பிடியையே தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. எதிரே பஸ் ஹாரன் கேட்கிறது. கியரை மூன்று, இரண்டு, ஒன்று என்று தட்டிக்கொண்டே பின் பிரேக்கை மிதித்து, மலைப் பக்கத்து வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கின பிறகும் கால் நடுங்கியது நிற்கவில்லை.

பதற்றத்தில் தண்ணி பாட்டிலைத் திறந்து டிஸ்க்கில் ஊற்றப் போனேன். பின்னால் வந்த எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, "தம்பி, தண்ணிய ஊத்தாதீங்க, பிளேட்டு கோணிக்கும். தானா ஆறட்டும். எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க" என்றார். அரை மணி நேரம் கழித்து லீவர் பழையபடி இறுகியது. அன்றிலிருந்து அவர் சொன்னபடிதான் இறங்குகிறேன். நீங்களும் இரண்டாவது கியரிலோ மூன்றாவதிலோ, ஆக்சிலரேட்டரை விட்டு, எஞ்சின் "ம்ம்" என்று இழுத்துப் பிடிக்கிற சத்தத்தோடு இறங்குங்கள். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுசாக விட்டுவிடுங்கள். விட்டிருக்கிற அந்த நேரத்தில்தான் பிரேக் ஆறும்.

எனக்கு அன்று ஏன் அப்படி ஆனது என்று பிறகு தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது என்பது தர அளவு. ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும், லீவரை அழுத்தினால் அந்தக் குமிழ்தான் அமுங்கும், டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் நகராது. நான் வண்டி விட்ட இடத்தில் சர்வீஸுக்கு ஒவ்வொரு தடவையும் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார்களே தவிர, பழையதை ஒரு தடவைகூட வடித்து மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் இருக்கிற டப்பாவின் கண்ணாடியைப் பாருங்கள்: புது ஆயில் வெளிறின தேன் நிறத்தில் இருக்கும், டிகாஷன் மாதிரி கறுத்திருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, சாவியையும் அணைத்துவிட்டு இறங்குகிற பையன்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வயிற்றைக் கலக்குகிறது. எஞ்சினின் பிடி போய்விடும், ஹாரனும் பிரேக் லைட்டும் போய்விடும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது சாவியை அழுத்தித் திருப்பிவிட்டால் ஹேண்டிலே லாக் ஆகலாம். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால், தானாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஸ்கூட்டரில் போவதாக இருந்தால் கூடுதல் கவனம். அதில் கியரைக் குறைக்க வழியில்லை. வேகம் ரொம்பக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் உருளுகிற மாதிரி ஓடும். ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி விட்டால் மறுபடி பிடிக்கும். இருந்தாலும் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம், அதனால் நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று பத்து நிமிஷம் ஆற விடுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டியில் ஏபிஎஸ் இருக்கும். அது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், சூடேறின பிரேக்கை அது ஒன்றும் செய்யாது.

டயரை முதல் நாள் சாயந்திரமே பாருங்கள். காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். எவ்வளவு என்பது செயின் பக்கமோ பின் சக்கரப் பக்கமோ ஸ்டிக்கரில் இருக்கும், இரண்டு பேர் போனால் பின்னுக்குத் தனி அளவு. டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் ஈர ரோட்டில் பிடிக்காது. செயின் ரொம்பத் தொங்கக் கூடாது, முறுக்கியும் இருக்கக் கூடாது. பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

வளைவில் உங்கள் இடது பக்கத்தை விட்டு வெளியே வரவே வேண்டாம். பஸ் திரும்பினால் முழு ரோடும் அதற்கே வேண்டும், தூரத்திலேயே நின்று வழி விடுங்கள். ஒடுக்கமான மலைப்பாதையில் இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவரை விட வேண்டும் என்பதுதான் சட்டமும். குரங்குக்குத் தீனி போட நிற்காதீர்கள், வளைவில் நிற்கிற காரும் ரோட்டில் பாய்கிற குரங்கும் சேர்ந்தால் பைக்காரன்தான் விழுவான். பின்னால் உட்கார்கிறவருக்கும் ஐஎஸ்ஐ ஹெல்மெட், வாரை மாட்டி.

மே மாதக் கோடை விழா சமயத்தில் போனால் போலீஸ் இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாக இறங்கும் இன்னொரு பாதையில் திருப்பிவிடுவதுண்டு. அந்த வழியில் வளைவு குறைவு என்று வேகம் எடுக்காதீர்கள், அதுவும் இறக்கம்தான்.

மழை விஷயத்தில் மட்டும் நான் கெட்டியாகச் சொல்வேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலையில் மழை வலுத்தால் மேலேயே ரூம் எடுத்துத் தங்கிவிடுங்கள். லேசான தூறல், பனிமூட்டம் என்றால் லைட்டை டிம்மில் (லோ பீம்) போட்டு, கீழே போகிற ஒரு பஸ்ஸின் பின் விளக்கு தெரிகிற தூரத்தில் அதன் பின்னாலேயே இறங்குங்கள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, சாயந்திரம் நாலு மணிக்குள் இறங்க ஆரம்பித்தால் வெளிச்சத்திலேயே அடிவாரம் வந்துவிடலாம்.